அழுகுவது வேறு, மக்குவது வேறு

நேயர்களுக்கு வணக்கம்.

தோட்டவேலை மனதுக்கு எப்படி மருந்தாகிறது என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். பூக்களில் இருந்து தொடங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் குப்பையில் இருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. உரக்குழி என்று சொல்லுங்கள், கம்போஸ்ட் என்று சொல்லுங்கள், என் தோட்டம் பிறந்த இடம் அதுதான்.

என் தம்பிக்கு அப்போது 38 வயது. ஒரு நாள் படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. வரவேண்டியவர்கள் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். நான் மட்டும் அழாமல், பேசாமல், எல்லா வேலையும் சரியாகச் செய்துகொண்டு இருந்தேன். அவன் பெயரை யாராவது எடுத்தால் பேச்சை மாற்றினேன். இரவில் தூக்கம் இல்லை. தினமும் அவன் படத்தின் முன்னால் கொஞ்சம் பூ வைப்பேன். மறுநாள் அது வாடியிருக்கும். வாடிய பூவைக் குப்பைக்கூடையில் போட எனக்குக் கை வரவில்லை. ஒரு காகிதப் பையில் போட்டு வைத்தேன். ஒரு பை நிறைந்தது, இரண்டு நிறைந்தது, ஆறேழு பைகள் ஆகிவிட்டன.

வீட்டுக்கு வந்த தோழி ஒருத்தி அந்தப் பைகளைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. "இதையெல்லாம் மக்க வைத்து ஒரு செடிக்குப் போடேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சரி, செய்து பார்ப்போம் என்று ஒரு பிளாஸ்டிக் டிரம்மை எடுத்தேன். சமையலறைக் கழிவு, காய்கறித் தோல், அந்தப் பூக்கள் எல்லாவற்றையும் போட்டு, வாடை வரக்கூடாது என்று மூடியை இறுக்கமாக மூடினேன். பத்து நாள் கழித்துத் திறந்தபோது வந்த நாற்றத்தில் பின்வாங்கிவிட்டேன். அடியில் கறுப்பாகத் தண்ணீர், மேலெல்லாம் புழு. என் தம்பிக்கு வைத்த பூக்கள் அதற்குள் இருந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவன் போனபிறகு நான் அழுதது அன்றைக்குத்தான்.

அக்கம்பக்கத்துத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். ஒரு குச்சியை விட்டுக் கிளறினார். "இது மக்கலைம்மா, அழுகுது. மூடி வச்சா அழுகத்தான் செய்யும். காத்து வேணும்" என்றார்.

அவருக்கு அது தினசரி விஷயம். எனக்கு அந்த வாக்கியம் நெஞ்சில் வந்து விழுந்தது.

நம் மொழியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன, பாருங்கள். அழுகுவது, மக்குவது. பார்வைக்கு இரண்டும் சிதைவுதான். வித்தியாசம் காற்றில் இருக்கிறது. காற்றுப் புகாத இடத்தில், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் பெருகுகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு போன்ற நாற்றம் பிடித்த வாயுக்களும் அமிலங்களும் அங்கே சேர்கின்றன. காற்று புழங்கினால் அதே கழிவை வேறு கூட்டம் எடுத்துக்கொள்கிறது. அது விடுவது கரியமில வாயு, நீராவி, நல்ல சூடு. நாற்றமே இருக்காது.

பெரியவர் சொல்லிக்கொடுத்த கணக்கு எளிமையானது. ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு மூன்று பங்கு காய்ந்த இலை. காய்ந்த இலையில் கரிச்சத்து, அதாவது கார்பன், அதிகம்; பச்சைக் கழிவில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அதிகம்; கலவையில் கரிச்சத்தும் தழைச்சத்தும் ஏறத்தாழ 30-க்கு 1 என்ற விகிதத்தில் அமைந்தால் நுண்ணுயிரிகளுக்குப் பிடிக்கும். ஈரம் எவ்வளவு? ஒரு பிடி எடுத்துக் கையால் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரவேண்டும், ஒழுகக்கூடாது. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் அளவுக்கு இருந்தால் குவியல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் அவ்வப்போது புரட்டிவிட வேண்டும், உள்ளே இருப்பது வெளியே வரும்படி.

புதிய குவியல் போட்ட நான்காம் நாள், விடிகாலையில் தோட்டத்து முள்கரண்டியால் புரட்டினேன். ஆவி எழுந்தது. நடுவில் கையை விட்டேன். வைத்திருக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. நன்றாக அமைந்த குவியல் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை போகும் என்று பிறகு படித்தேன். அன்றைக்கு எனக்கு எண் எதுவும் தெரியாது. உதிர்ந்த இலை, வெட்டி எறிந்த தோல், வாடிய பூ என்று எல்லாம் முடிந்துபோனதைத்தான் அங்கே கொட்டியிருந்தேன். அதற்குள் கோடிக்கணக்கான உயிர்கள் வேலை செய்துகொண்டிருந்தன.

ஆறுதல் என்ற சொல்லை அந்த இடத்தில்தான் புரிந்துகொண்டேன். "மனசை ஆற்றிக்கொள்" என்று எல்லோரும் சொன்னபோது, மறந்துவிடச் சொல்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வரும். சூடும் ஆறுகிறது, புண்ணும் ஆறுகிறது, மனமும் ஆறுகிறது. மூன்றுக்கும் ஒரே சொல். குவியல் முதலில் கொதிக்கிறது. கொதித்த பிறகுதான் ஆறுகிறது. ஆறிய பிறகே மண்புழு உள்ளே வரும். நான் கொதிக்கவே இல்லை, மூடியை இறுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

வாரம் ஒருமுறை புரட்டும்போது பெரியவரும் பக்கத்தில் நிற்பார். இலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நான் ஒரு நாள் தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல முடியாததைக் கையில் வேலை இருக்கும்போது சொல்ல முடிகிறது. கண்கள் மண்ணில் இருக்கின்றன, குரல் தானாக வருகிறது. அவர் பதில் சொல்லவில்லை. "ம்" என்றார், இன்னும் கொஞ்சம் இலை போட்டார்.

இது ஆன்மிகமா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. சுவிட்சர்லாந்தில், சாங்க்ட் காலன் மடத்து நூலகத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில், 820-ஐ ஒட்டிய காலத்தில் தோலின் மேல் வரையப்பட்டது. ஒரு துறவி மடம் எப்படி அமைய வேண்டும் என்பதற்கான வரைபடம் அது. நோயாளிகளுக்கான இடத்தை ஒட்டி 16 பாத்திகளோடு மூலிகைத் தோட்டம் வரைந்திருக்கிறார்கள். அது எதிர்பார்க்கக் கூடியதுதான். என்னை நிறுத்தியது வேறொன்று. மடத்தின் இடுகாடும் பழத்தோட்டமும் ஒரே இடம். நடுவில் ஒரு சிலுவை, கல்லறைகளுக்கு இடையே பழமரங்கள், ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் எழுதியிருக்கிறது. கூட வாழ்ந்தவர்களைப் புதைத்த மண்ணிலேயே நட்டு, நீர் ஊற்றி, பழம் பறிக்க வேண்டும் என்று யாரோ நிதானமாக யோசித்திருக்கிறார்கள்.

நம் திருநாவுக்கரசரை எடுத்துக்கொள்ளுங்கள். 7-ஆம் நூற்றாண்டு. சூலை என்னும் கொடிய வயிற்றுவலியில் துடித்தவர், பாடினார், நோய் தீர்ந்தது என்கிறது மரபு. பாடியதோடு நிற்காமல் உழவாரத்தைக் கையில் எடுத்தார். புல் செதுக்கும் கருவி அது. சிலைகளில் அவரை அந்த உழவாரத்தை வைத்தே அடையாளம் காண்கிறோம். நோயில் இருந்து எழுந்த ஒருவர் குனிந்து புல் செதுக்குவதை நான் வெறும் தொண்டாகப் பார்ப்பதில்லை. களையெடுக்கும்போது உடம்பு தரைக்கு அருகில் இருக்கிறது. பார்வை ஒரு சாண் நிலத்தில் நிற்கிறது. எது பயிர், எது களை என்பதைத் தவிர வேறு கேள்வி இல்லை. நான் உட்கார்ந்து செய்த எந்தத் தியானத்திலும் மனம் அப்படி நின்றதில்லை.

சீனாவில், ஜப்பானில் ஜென் என்று அறியப்படும் சான் பௌத்த மரபின் குரு பைஜாங், 814-இல் மறைந்தவர், முதுமையிலும் சீடர்களோடு நிலத்தில் வேலை செய்தார். அவர் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் சீடர்கள் அவருடைய கருவிகளை ஒளித்துவைத்தார்களாம். அன்று அவர் சாப்பிட மறுத்துவிட்டார். வேலை இல்லாத நாள் உணவு இல்லாத நாள் என்றார். கருவிகள் திரும்பி வந்தன.

மருத்துவமும் இந்த வழிக்கு வந்திருக்கிறது, தாமதமாக. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்த காலத்தில், 1796-இல், இங்கிலாந்தின் யார்க் நகரில் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் டியூக் ஒரு இல்லம் திறந்தார். சங்கிலிக்குப் பதில் அங்கே தோட்டம் இருந்தது, வேலை இருந்தது, மரியாதையான பேச்சு இருந்தது. 1984-இல் ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பழைய பதிவுகளை ஒப்பிட்டார். பாதிப்பேருக்கு ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப்பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலிமருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வு, ஒரே மருத்துவமனை. இருந்தாலும் ஜன்னல் வழியே பார்த்ததற்கே இவ்வளவு என்றால், இறங்கிக் கையை மண்ணில் வைப்பவர்களுக்கு? 2011-இல் நெதர்லாந்தில் அதையும் பார்த்தார்கள். 30 தோட்டக்காரர்களுக்கு மன அழுத்தம் தரும் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, பாதிப்பேரை அரைமணி நேரம் தோட்டத்திலும் மீதிப்பேரை உள்ளே புத்தகத்தோடும் விட்டார்கள். அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் என்ற ஹார்மோன் இரு தரப்புக்கும் குறைந்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அதிகம் குறைந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாழ வேண்டாம் என்று தோன்றும் அளவுக்கு மனம் இருண்டிருந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள். தோட்டம் எங்கும் போகாது, காத்திருக்கும். மண்ணில் இறங்குகிறவர்கள் டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த உரத்தைக் கிளறும்போது தூசி மூக்கில் ஏறாமல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

நான்கு மாதம் ஆயிற்று என் குவியல் ஆறுவதற்கு. ஒரு மீட்டர் உயரம் இருந்தது முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஒரு பிடி அள்ளி முகர்ந்தேன். முதல் மழை பெய்ததும் மண்ணில் எழும் அந்த வாசனை. அதற்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. ஒரு லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். அந்த வாசனைக்கு ஸ்பிரிங்டெயில் என்னும் சின்னஞ்சிறு உயிர்கள் தேடி வருகின்றன, பாக்டீரியாவைத் தின்கின்றன, அதன் வித்துகளை உடம்பில் சுமந்து வேறு இடத்துக்குக் கொண்டுபோகின்றன. ஒன்றின் முடிவு இன்னொன்றின் பயணமாக இருக்கிறது. இதைப் படித்த அன்று வெகுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உரத்தைச் சல்லடையில் போட்டுச் சலித்தேன். கறுப்பாக, உதிரியாக இறங்கியது. எந்தப் பூ, எந்த இலை என்று எதுவும் தெரியவில்லை. ஆறேழு பைப் பூக்களும் அதற்குள் போய்விட்டன. சல்லடையில் தங்கியவை சில குச்சிகள், ஒரு கல், அப்புறம் நீளமாக ஒரு நூல். பூக்களைத் தொடுத்திருந்த நைலான் நூல். அது மக்காது.

அதைத் தண்ணீரில் அலசிக் காயவைத்தேன். உரத்தைத் தொட்டியில் நிரப்பி ஒரு முல்லைக் கொடி வைத்தேன். அது எழுந்து பற்றிக்கொள்ள இடம் தேடியபோது ஒரு குச்சியை ஊன்றி, அந்த நூலால்தான் கட்டினேன். இறுக்காமல், தண்டு பருக்க இடம் விட்டு.

வணக்கம்.