ஆய்வு நிதிக்கு பட்ஜெட் போடுறது எங்கிருந்து ஆரம்பிக்கணும்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. பொருளாதாரத் துறையில உதவிப் பேராசிரியரா இருக்கிற ஒருத்தர் அனுப்பியிருக்காங்க. வாசிக்கிறேன்: "கிராமப்புறக் கடன் பத்தி கள ஆய்வுக்கு ஒரு வெளி நிறுவனத்துக்கிட்ட நிதி கேட்டேன். ஆய்வுக் கேள்வி நல்லா இருக்கு, ஆனா பட்ஜெட் ஆய்வு வடிவமைப்போட ஒட்டலைன்னு ரிவ்யூவர் எழுதிட்டாங்க. ஓவர்ஹெட் (பல்கலைக்கழக நிர்வாகச் செலவுக்கான பங்கு) கணக்கும் தப்புன்னு எங்க பல்கலைக்கழக அலுவலகம் சொல்லுது. பட்ஜெட்டை எங்கிருந்து ஆரம்பிக்கிறது?"

முக்கியமான கேள்வி இது. நிறைய பேர் புரபோசலை எழுதி முடிச்சிட்டு, "அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பாங்க"ன்னு பார்த்து, அந்தத் தொகைக்குள்ள செலவுகளைப் பிரிச்சுப் போடுறாங்க. ரிவ்யூவருக்கு அது உடனே தெரிஞ்சிடும். பட்ஜெட் சாம்பிள் கணக்குல இருந்து, அதாவது எத்தனை ஊர்ல எத்தனை வீட்டுல கேட்கப் போறோம்ங்கிறதுல இருந்து வரணும். கள ஆய்வா இருந்தா, அந்த ஒரு கணக்குதான் மீதி எல்லாச் செலவையும் தீர்மானிக்குது.

ஒரு உதாரணம் போட்டே பார்ப்போம். 60 ஊர், ஊருக்கு 20 வீடு, மொத்தம் 1,200 வீடு. நீங்க சோதிக்கிற கடன் திட்டம் பாதி ஊருக்குப் போகுது, பாதிக்குப் போகலை. கேட்க பெரிய சாம்பிள் மாதிரி இருக்கும். ஆனா ஒரே ஊர்ல இருக்கிற வீடுங்க ஒண்ணை ஒண்ணு ஒத்திருக்கும். மழை பொய்ச்சா எல்லாருக்கும்தான் பொய்க்கும். அந்த ஒற்றுமையை அளக்கிற எண்ணுக்கு உள்-ஒற்றுமைக் கெழுன்னு பேரு. அது 0.10-னு வெச்சுக்குங்க. இதனால சாம்பிளோட மதிப்பு எத்தனை மடங்கு குறையுதுங்கிறதுதான் டிசைன் எஃபெக்ட். அது எவ்வளவு? ஊருக்கான வீட்டு எண்ணிக்கையில ஒண்ணு கழிச்சு, அதை 0.10-ஆல பெருக்கி, ஒண்ணு கூட்டணும். 19 பெருக்கல் 0.10, கூட்டல் 1. ஆக 2.9. 1,200-ஐ 2.9-ஆல வகுத்தா சுமார் 414. அதாவது நீங்க 1,200 வீட்டுக்குச் செலவு பண்ணி, 414 வீட்டுக்கான தகவலைத்தான் வாங்குறீங்க.

இப்ப அதே 1,200-ஐ 120 ஊர், ஊருக்கு 10 வீடுன்னு மாத்துங்க. டிசைன் எஃபெக்ட் 1.9-க்கு இறங்கும், பயனுள்ள சாம்பிள் 632-க்கு ஏறும். 80 சதவீத பவர் (விளைவு நிஜமா இருந்தா அதைக் கண்டுபிடிக்கிற வாய்ப்பு), 5 சதவீத முக்கியத்துவ அளவு (விளைவே இல்லாம இருக்கும்போது இருக்குன்னு தப்பாச் சொல்ற வாய்ப்பு)ன்னு எடுத்துக்கிட்டா, கண்டுபிடிக்கக்கூடிய குறைந்தபட்ச விளைவு முதல் வடிவமைப்புல ஏறக்குறைய 0.28 ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (வீட்டுக்கு வீடு இருக்கிற வித்தியாசத்தை அளக்கிற அலகு), ரெண்டாவதுல 0.22. எண் சின்னதா இருந்தா, சின்ன விளைவையும் பிடிக்க முடியும்னு அர்த்தம். இந்த ரெண்டு வரியையும் ஒரு சின்ன அட்டவணையா புரபோசல்ல வெச்சீங்கன்னா, ஏன் 120 ஊருக்குப் பணம் கேட்கிறீங்கன்னு தனியா வாதாடவே தேவையில்லை. 0.10-ங்கிற எண்ணை மட்டும் சும்மா எழுதாதீங்க. ஏற்கெனவே இருக்கிற ஒரு கணக்கெடுப்புத் தரவை எடுத்து, உங்க விளைவு மாறிக்கே (நீங்க அளக்கப் போற விஷயத்துக்கே) அந்தக் கெழுவைக் கணக்கிட்டுப் போடுங்க.

அடுத்து, கடைசிச் சுற்றுப் பேட்டிக்குள்ள கொஞ்சம் பேர் ஊரை விட்டுப் போயிடுவாங்க, சிலர் பேச மறுப்பாங்க. 15 சதவீதம் இழப்புன்னு வெச்சா, 1,200-ஓட 15 சதவீதத்தைக் கூட்டி 1,380-னு போடுறதுதான் வழக்கமா நடக்கிற தப்பு. 1,380-ல 15 சதவீதம் போனா 1,173-தான் மிஞ்சும். 1,200-ஐ 0.85-ஆல வகுக்கணும், 1,412 வரும். 120 ஊர்ல ஊருக்கு 12 வீடுன்னு வெச்சா 1,440, சரியா இருக்கும்.

இந்த 1,440-ஐ ஆள்-நாளா மாத்துங்க. ஒரு கணக்கெடுப்பாளர் ஒரு நாளைக்கு 4 பேட்டி எடுப்பார்னா 360 ஆள்-நாள். 3 பேர் கொண்ட குழு ஒரு நாள்ல ஒரு ஊரை முடிச்சிடும். 4 குழு, 30 வேலை நாள். அப்போ 12 கணக்கெடுப்பாளர், 4 மேற்பார்வையாளர், 4 வண்டி, 30 நாள். இது ஒரு சுற்றுக்கு மட்டும். ஆரம்பம், முடிவுன்னு ரெண்டு சுற்றுன்னா ரெண்டு தடவை. பட்ஜெட் விளக்கத்துல இதே வரிசையில எழுதுங்க. படிக்கிறவங்க ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்துச்சுன்னு பின்னாடி போய்ப் பார்க்க முடியணும்.

விட்டுப்போற செலவுகள் எப்பவும் ஒரே இடத்துலதான் இருக்கு. பயிற்சி நாளுக்கும் சம்பளம் உண்டு. வீட்டுக்குப் போய் ஆள் இல்லாம மறுபடி போற நாளுக்கும் உண்டு. பத்துல ஒரு வீட்டுக்கு வேற ஆள் போய்ச் சரிபார்க்கணும். நம்ம கணக்குல அது 144 மறுபேட்டி. வீடுகளைக் குலுக்கல்ல தேர்ந்தெடுக்க ஒவ்வொரு ஊர்லயும் முதல்ல வீட்டுப் பட்டியல் தயாரிக்கணும். 60 ஊரை 120 ஆக்கும்போது பேட்டி நாள் அதிகமாகாது, ஆனா பட்டியல் வேலையும் பயணமும் அதிகமாகும். கேள்வித்தாள் மொழிபெயர்ப்பு, கடைசியில தரவையும் நிரலையும் மத்தவங்க ஓட்டிப் பார்க்கிற மாதிரி சுத்தம் பண்ற உதவியாளர் சம்பளம், இதெல்லாம் சேரணும். இந்தக் கடைசி விஷயத்தை அலட்சியம் பண்ணாதீங்க. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தோட இதழ்கள் கட்டுரை ஏத்துக்கிறதுக்கு முன்னாடி தரவையும் நிரலையும் வாங்கிச் சரிபார்க்கிறாங்க. குலுக்கல் முறைச் சோதனைன்னா (யாருக்குத் திட்டம் போகணும்னு குலுக்கல்ல முடிவு பண்ற ஆய்வுன்னா), 2013-ல இருந்து அவங்க நடத்துற பதிவேட்டுல பதிவும் பண்ணியிருக்கணும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

ஓவர்ஹெட்டுக்கு வருவோம். சதவீதம் எவ்வளவுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, எதோட சதவீதம்னு கேளுங்க. மொத்த உச்சவரம்பு 1,00,000, ஓவர்ஹெட் 15 சதவீதம்னு வெச்சுக்குவோம். நேரடிச் செலவுல 15 சதவீதம்னா, ஆய்வுக்கு 86,957 கிடைக்கும். மொத்தத்துல 15 சதவீதம்னா 85,000-தான். நீங்க 1,00,000-ஐயும் ஆய்வுக்கே போட்டு அனுப்பியிருந்தா, அலுவலகம் திருப்பி அனுப்பத்தான் செய்யும்.

ஒவ்வொரு நிதியாளரும் ஒவ்வொரு மாதிரி. ஐரோப்பிய ஆய்வு மன்றம் நேரடிச் செலவுல 25 சதவீதம் நிலையா கொடுக்குது, ஆனா துணை ஒப்பந்தத் தொகையை அந்தக் கணக்குல சேர்க்கிறதில்லை. நம்ம உதாரணத்துல கணக்கெடுப்பை ஒரு நிறுவனத்துக்கிட்ட மொத்தமா ஒப்படைச்சா, அந்தப் பெரிய தொகைக்கு ஓவர்ஹெட் வராது. பிரிட்டன் ஆய்வு மன்றங்கள் பொதுவா முழுப் பொருளாதாரச் செலவுல, அதாவது நேரடிச் செலவும் பல்கலைக்கழகத்தோட மறைமுகச் செலவும் சேர்ந்த மொத்தத்துல, 80 சதவீதம்தான் தரும். மீதி 20-ஐ உங்க பல்கலைக்கழகம் ஏத்துக்கணும். அதனால துறைத் தலைவர் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கிடுங்க. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை, ஆசிரியர் சம்பளத்தைப் பொதுவா வருஷத்துக்கு 2 மாதத்துக்கு மேல அனுமதிக்காது. கணக்கெடுப்புல பதில் சொல்றவங்களுக்குக் கொடுக்கிற தொகையையும் பங்கேற்பாளர் உதவித் தலைப்புல (பயிற்சி, கருத்தரங்குக்கு வர்றவங்களோட செலவுக்கான தலைப்பு) போடக்கூடாது, இதர நேரடிச் செலவுலதான் போடணும். தலைப்பு மாறினா ஓவர்ஹெட் அடிப்படையும் மாறிடும்.

பதில் சொல்றவங்களுக்குக் கொடுக்கிற தொகையைப் பத்தி இன்னொண்ணு. தணிக்கைக்காரர் கையெழுத்தோட ரசீது கேட்பார். ஆய்வுல பங்கெடுக்கிறவங்களோட பாதுகாப்பைக் கவனிக்கிற நெறிமுறைக் குழுவோ, பெயர் வெளியே வரக்கூடாதுன்னு சொல்லும். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்காம இருக்க, தணிக்கைக்குக் குறியீட்டு எண், தேதி, தொகை மட்டும் உள்ள பதிவேடு. பெயரும் கையெழுத்தும் உள்ள ஏடு பூட்டின இடத்துல தனியா. இது சரிதானான்னு நிதி அலுவலகத்துக்கிட்டயும் நெறிமுறைக் குழுக்கிட்டயும் களத்துக்குப் போறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க.

அரசுத் துறையோ நிறுவனமோ ஒப்பந்தமா பணம் கொடுத்தா, பிரசுர ஷரத்தை (முடிவுகளை வெளியிடுறது பத்தின நிபந்தனையை) தேடிப் படிங்க. 30 அல்லது 60 நாள் வரைவைப் பார்த்துக் கருத்துச் சொல்றோம்னா ஒத்துக்கலாம். "முன் அனுமதி இல்லாம வெளியிடக்கூடாது"ன்னு இருந்தா கையெழுத்துப் போடாதீங்க. பாதகமான முடிவு வந்தா அது அலமாரியிலயே கிடக்கும். பதவி உயர்வுக்குப் பிரசுரம் தேவைப்படுற இளம் ஆசிரியருக்கு அந்த இழப்பைத் தாங்கவே முடியாது.

உங்க விஷயத்துல, கேள்வி நல்லா இருக்குன்னு ரிவ்யூவரே சொல்லிட்டாங்க. அதனால தலைப்பை மாத்தாதீங்க. வடிவமைப்பு, குறைந்தபட்ச விளைவு, செலவு மூணையும் ஒரே பக்கத்துல சுருக்கி, அந்த நிறுவனத்தோட திட்ட அலுவலருக்கு மெயில் போட்டு, திருத்தி மறுபடி அனுப்ப விதி இடம் கொடுக்குதா, அடுத்த சுற்று எப்போன்னு கேளுங்க. விதி அனுமதிச்சா, முந்தின விமர்சனத்துக்கு என்ன மாத்தினீங்கன்னு முதல் பக்கத்துலயே எழுதுங்க. பட்ஜெட்டை மட்டும் உங்க அலுவலகத்துக்குக் கடைசித் தேதிக்கு மூணு வாரம் முன்னாடியே கொடுத்துடுங்க. ஓவர்ஹெட் அடிப்படையை அவங்க மாத்தச் சொன்னா, ஊர் எண்ணிக்கையில இருந்து மறுபடி போட வேண்டியிருக்கும், அதுக்கு நேரம் வேணும்.