எந்த ஷட்டரை இறக்குறது? குழந்தைகளோட மூளைக் கட்டியும் மூணாறு தலைப்பும்

[காட்சி: நீடாமங்கலம் பக்கம், மூணாறு தலைப்பு. கிரீஸ் பூசின ஷட்டர் திருகு, அதுல ஒட்டின வைக்கோல்.]

வணக்கம். வெண்ணாறு இங்க வந்துதான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மூணாப் பிரியுது. எங்கப்பா லஸ்கர், பொதுப்பணித்துறையில மதகைத் திறந்து மூடுற வேலை. மேலேர்ந்து ஆர்டர் வராம ஷட்டர்ல கை வைக்கமாட்டார். மேட்டூர் திறந்தாச்சு, நாத்து காயுதுன்னு ஊரே வந்து நின்னாலும் சரி.

நம்ம ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இப்படி ஒரு முறை இருக்கு. 'வளரு'ங்கிற சேதி செல்லோட வெளிச்சவ்வுல வந்து தட்டும். ராஸ், ராஃப், மெக், எர்க்னு நாலு புரதம் ஒண்ணையொண்ணு எழுப்பி, அந்தச் சேதியை உட்கரு வரைக்கும் கொண்டுபோகும். சேதி நின்னுட்டா வரிசையே அடங்கிடணும்.

குழந்தைகளுக்கு அதிகமா வர்ற மூளைக் கட்டி, மெதுவா வளர்ற கிளையோமா. அதுல பெரும்பாலும் கோளாறு இந்த ஒரே வாய்க்கால்லதான். அதுலயும் 'பிராஃப்'ங்கிற மதகுலதான் அதிகம். ராஃப் குடும்பத்துல அது ஒண்ணு.

[காட்சி: வரைபடம். ராஃப் மதகு மட்டும் சிவப்பு.]

அது ரெண்டு விதமாக் கெடும். சில குழந்தைகளுக்கு, அந்தப் புரதச் சங்கிலியோட 600ஆவது கண்ணியில, வேலின்ங்கிற அமினோ அமிலம் இருக்கவேண்டிய எடத்துல குளுட்டாமிக் அமிலம் உக்காந்திருக்கும். 'வி600ஈ'ன்னு ரிப்போர்ட்ல வர்றது இதைத்தான். இன்னும் நிறையப் பேருக்கு, பிராஃப் மரபணு வேறொரு மரபணுவோட ஒட்டிக்கிட்டு, தன்னை அடக்கி வைக்கிற பகுதியையே தொலைச்சிருக்கும். எப்படிக் கெட்டாலும் ஆர்டர் இல்லாமயே ஷட்டர் தூக்கி நிக்குது.

ரெண்டும் ஒரே மதகுதானே, ஒரே மருந்து போதாதான்னு தோணும். அங்கதான் டாக்டர்களே ஒரு தடவை அடி வாங்கினாங்க. ராஃப் புரதங்கள் ஜோடி சேர்ந்து வேலை செய்யும், பெரிய ஷட்டரை ரெண்டு பேர் சேர்ந்து திருகுற மாதிரி. பழைய வகை மருந்து ஒருத்தன் கையைப் பிடிக்குது. இன்னொருத்தன் ரெண்டு மடங்கு வேகமாத் திருகுறான். சொராஃபெனிப்னு ஒரு மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பாத்தப்போ, பலருக்குக் கட்டி எதிர்பார்த்ததைவிட வேகமா வளந்துச்சு. ஆய்வையே நிறுத்தவேண்டியதாச்சு.

அதனால இப்ப ஆள் பாத்துக் கொடுக்குறாங்க. வி600ஈ இருந்தா டப்ராஃபெனிப் பிராஃபை அடைக்கும், டிராமெடினிப் அதுக்குக் கீழ மெக்கை அடைக்கும். ரெண்டையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வுல 47 சதவீதக் குழந்தைகளுக்குக் கட்டி நல்லாச் சுருங்குச்சு. வழக்கமான கீமோவுல அது 11 சதவீதம்தான். 2023 மார்ச்ல அமெரிக்காவுல ஒரு வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு அனுமதி கிடைச்சது. ஜோடியையும் சேர்த்து அடக்குற, அதனால மரபணு ஒட்டிக்கிட்ட வகைக்கும் கொடுக்குற டோவோராஃபெனிப், 2024 ஏப்ரல்ல வந்துச்சு. மத்த சிகிச்சைக்கு அடங்காத, இல்ல திரும்ப வந்த கட்டிக்கு, வாரத்துக்கு ஒரு தடவை.

அடுத்தது சிறுமூளையில வர்ற வீரியமான கட்டி, மெடுல்லோபிளாஸ்டோமா. அதுல நாலு வகை. ஒரு வகையில கெடுறது 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்'ங்கிற வாய்க்கால். ஆமா, வீடியோ கேம்ல வர்ற அந்த முள்ளெலி பேருதான்! விஞ்ஞானிங்களுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு. இதை அடைக்கலாம்னு முதல்ல காட்டினது ஒரு காட்டுச் செடி. 1950கள்ல அமெரிக்காவோட ஐடஹோவுல, சினை ஆடுங்க அதை மேஞ்சு, ஒத்தைக் கண்ணோட குட்டி போட்டுச்சு. அந்தச் செடியில இருக்குற சைக்ளோபமின் இந்த வாய்க்காலை அடைக்குதுங்கிறது ரொம்பப் பின்னாடிதான் தெரிஞ்சுது.

இந்த வாய்க்கால்ல நடுமதகு 'ஸ்மூதன்ட்'. விஸ்மோடெகிப் மாத்திரை அதை அடைக்கும். கோளாறு அதுக்கு மேல இருந்தா பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு. கீழ இருந்தா? கீழ் வாய்க்கால்ல ஒருத்தர் போர் மோட்டாரைப் போட்டுத் தண்ணியைக் கொட்டிக்கிட்டிருக்கார். மேல மதகை எவ்வளவு இறுக்கி என்ன பிரயோஜனம்?

இன்னொரு சிக்கலும் உண்டு. குழந்தையோட எலும்பு நீளுறதுக்கும் இதே வாய்க்கால் தண்ணிதான். சின்ன வயசுல அடைச்சா எலும்போட வளர்ச்சித் தட்டு சீக்கிரமே மூடிக்கிட்டு, உயரம் நின்னுபோயிடும். எலும்பு வளந்து முடிஞ்சவங்களுக்குத்தான் இந்த மாத்திரையை யோசிப்பாங்க.

[காட்சி: உள்ளங்கையில ஒரு பாரஃபின் பிளாக்.]

இது தீப்பெட்டியைவிடச் சின்னது. ஆபரேஷன்ல எடுத்த கட்டியில ஒரு துண்டு, மெழுகுக்குள்ள. எந்த மதகு கெட்டதுன்னு இதை வச்சுத்தான் பாக்கணும். கட்டியோட பேர் மட்டும் ரிப்போர்ட்ல இருந்தா, "மாலிகுலர் டெஸ்ட் பண்ணீங்களா சார், பிராஃப் பாத்தீங்களா?"ன்னு கேளுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தும்போது ஸ்கேன் படத்தோட இந்த பிளாக்கும் போகணும்.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு. நம்ம பக்கம் பிள்ளை வாந்தி எடுத்தா தொக்கம் எடுக்கக் கூட்டிட்டுப் போறது வழக்கம். ஆனா காலையில எழுந்ததும் தலைவலி, வாந்தி, அது நாள் கணக்கா வந்துக்கிட்டே இருக்கு, நடை தள்ளாடுது, புதுசா மாறுகண் விழுதுன்னா நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

மருந்து விலை அதிகம். காய்ச்சல், தோல் தடிப்பு, நகச்சுத்து மாதிரி தொந்தரவும் வரும். நிறுத்தினா சிலருக்குக் கட்டி திரும்ப வளருது. எத்தனை வருஷம் கொடுக்கணும்ங்கிறது இன்னும் முடிவாகல.