ஊருக்குப் போகும் முன் மெடிகேரை ரத்து செய்யலாமா?

(திரையில்: சிவப்பு, வெள்ளை, நீல நிற மெடிகேர் அட்டை)

வணக்கம். அமெரிக்காவில் ஓய்வு பெற்ற நம்மவர்கள் பலருக்கு, ஊரில் போய் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு வர ஆசை. பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் மருத்துவக் காப்பீடுதான் மெடிகேர். அப்போது வரும் கேள்வி இது: "மெடிகேர் இந்தியாவில் செல்லாதே, எதற்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும்?" நியாயமான கேள்விதான். ஆனால் எதை விடுகிறோம் என்று தெரிந்துதான் விட வேண்டும்.

மெடிகேரில் ஏ, பி, சி, டி என்று நான்கு பகுதிகள் (பார்ட்) உண்டு. பார்ட் ஏ, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு. நீங்களோ உங்கள் துணையோ சுமார் 10 வருடம் மெடிகேர் வரி கட்டி வேலை பார்த்திருந்தால் இதற்கு பிரீமியம் இல்லை. அதை அப்படியே வைத்திருங்கள்.

பார்ட் டி மருந்துக்கு. பார்ட் சி, அதாவது அட்வான்டேஜ், ஏ-யும் பி-யும் தரும் பாதுகாப்பைத் தனியார் கம்பெனி வழியாகக் கொடுப்பது. அடுத்து சொல்லப்போகும் பி-யை விட்டால் சி-யும் போய்விடும்.

(திரையில்: 185 டாலர்)

சரி, பார்ட் பி-க்கு வருவோம். டாக்டர், பரிசோதனை, வெளிநோயாளி சிகிச்சை எல்லாம் இதில்தான். 2025-ல் வழக்கமான பிரீமியம் மாதம் 185 டாலராக இருந்தது. இதை நிறுத்திவிட்டு மூன்று வருடம் கழித்துத் திரும்பினால், பி இல்லாத ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் அபராதம். ஆக 30 சதவீதம். அது ஒருமுறை கட்டி முடிவதல்ல. பி இருக்கும்வரை பிரீமியத்தோடு சேர்ந்தே வரும்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை, காத்திருப்பு. மறுபடி சேர ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரைதான் வாய்ப்பு. நெஞ்சுவலி என்று ஏப்ரலில் பறந்து வந்தால், அடுத்த ஜனவரியில் பதிந்து, பிப்ரவரியில்தான் பி தொடங்கும்.

பிள்ளைகள் கிரீன் கார்டில் அழைத்துவந்த அப்பா அம்மாவுக்கு இன்னொரு விஷயம். ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே வாழ்ந்து, பார்ட் ஏ-யையும் பணம் கட்டி வாங்கியவர்கள் என்றால், பி-யை ரத்து செய்ததும் அந்த ஏ-யும் போய்விடும். இதைத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

பயமில்லாமல் பி-யை விடக்கூடிய இடமும் உண்டு. நீங்களோ துணையோ மறுபடி வேலையில் சேர்ந்து, அந்த வேலை வழியாகக் காப்பீடு கிடைத்தால், அது முடிந்த பிறகு எட்டு மாதத்துக்குள் அபராதமின்றி பி-யில் சேரலாம். ஆனால் 20 பேருக்குக் குறைவான சின்ன கம்பெனி என்றால் விடாதீர்கள். அங்கே மெடிகேர்தான் முதலில் பணம் தர வேண்டும். வேலையை விட்டபின் அதே கம்பெனிக் காப்பீட்டை நம் செலவில் தொடரும் கோப்ராவும் இந்தக் கணக்கில் சேராது.

(திரையில்: படிவம் சிஎம்எஸ் 1763)

எல்லாம் யோசித்தும் ரத்துதான் என்றால், இந்தப் படிவத்தை நிரப்பி சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் கொடுங்கள். கொடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் கடைசி நாள் வரை பி இருக்கும். அதுவரை பிரீமியமும் உண்டு. பாக்கியிருக்கும் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுகளை அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.