ஒத்திகை அறையில் நடப்பது

வணக்கம்.

மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுகிறேன். இருபது வருடமாகப் பிள்ளைகளிடம் "கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசு" என்று சொல்லிவிட்டு நானே மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் நன்றாக இருக்காது. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? சரி.

விருப்பப் பாடம் எடுக்கிற காலம் வந்தால் பெற்றோர் என்னைத் தேடி வருவார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான். "எங்கள் பிள்ளை நடிக்கப் போவதில்லையே, அப்புறம் எதற்கு நாடகப் பாடம்?" இதற்குப் பொதுவாக எல்லோரும் சொல்கிற பதில், தன்னம்பிக்கை வரும், மேடைப் பயம் போகும் என்பது. நானும் பல வருடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. மேடைப் பயம் அப்படியெல்லாம் போய்விடாது. ஆண்டுக்கணக்காக நடித்தவருக்கும் திரை விலகுவதற்கு முன்னால் கை சில்லிட்டுத்தான் போகிறது. தன்னம்பிக்கையோ விளையாட்டு மைதானத்திலும் கிடைக்கும். நாடக வகுப்பு தருவது வேறு: எதிரில் நிற்பவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளும் பழக்கம்.

இதைச் சொன்னதும் பெற்றோர் முகம் தொங்கிவிடும். கேட்பதற்கு ஒரு பாடமா?

முதல் மாதம் என் வகுப்புக்கு வந்து பாருங்கள். இரண்டு பேருக்கு ஓர் உரையாடலைக் கொடுத்து நிறுத்துவேன். ஒருவர் பேசும்போது மற்றவர் உதடு லேசாக அசைந்துகொண்டே இருக்கும். அவர் கேட்கவில்லை. தன் வசனத்தை உள்ளே ஒப்பித்துக்கொண்டிருக்கிறார். எதிராளி வசனத்தின் கடைசிச் சொல் மட்டும்தான் அவருக்கு வேண்டும், அதுதான் அவர் தொடங்குவதற்கான மணி. அந்தச் சொல்லை எதிராளி மாற்றிச் சொல்லிவிட்டால் போச்சு, இருவரும் முழித்துக்கொண்டு நிற்பார்கள். வீட்டுச் சண்டைகளும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன, அதை விடுங்கள்.

அப்போது நான் வசனத் தாளைப் பிடுங்கிவிடுவேன். அர்த்தமே இல்லாத ஒலிகளில் பேசுங்கள் என்பேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. வயோலா ஸ்போலின் என்ற அமெரிக்க அம்மையார் சிகாகோவில் குடியேறிகளின் பிள்ளைகளோடு வேலை செய்த காலத்தில் நடிப்பையே விளையாட்டுகளாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். 1963-இல் அவற்றைப் புத்தகமாகவும் போட்டார். அர்த்தமற்ற மொழியில் பேசுவது அந்த விளையாட்டுகளில் ஒன்று. ஓடாத கடிகாரத்தை விற்றவரிடமே திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாய், பேசு, ஆனால் ஒரு சொல்கூட நிஜச் சொல்லாக இருக்கக் கூடாது. இரண்டே நிமிடத்தில் இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். வேறு வழியில்லையே! பிறகு வசனத் தாளைத் திருப்பிக் கொடுத்தால் அதே வசனம் வேறு மாதிரி வரும்.

அடுத்தது உணர்ச்சி. "அழு" என்றால் யாருக்கும் அழ வராது. வந்தாலும் முகத்தைக் கோணுவதாகத்தான் இருக்கும். தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாகச் சொல்கிறது என்பது தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். நகை, அழுகை, இளிவரல் என்று வரிசையாக ஒப்பிப்போம், தேர்வில் எழுதுவோம், மறந்துவிடுவோம். அதற்கு அடுத்த படிதான் நாடக வாத்தியாருக்கு வேண்டியது. அந்த எட்டில் ஒவ்வொன்றும் எந்த நான்கு இடங்களில் பிறக்கும் என்று அந்த நூல் தனித்தனியாகச் சொல்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் அழுகிறாயா, எதையாவது இழந்து அழுகிறாயா, முன்பிருந்த நிலை குலைந்துபோனதாலா, இல்லாமையாலா? நான்கும் அழுகைதான், நான்கிலும் தோள் ஒரே மாதிரி இருக்காது. "அழு" என்பதை விட்டுவிட்டு "இதில் எது?" என்று கேட்டுப் பாருங்கள். பதினான்கு வயதுப் பிள்ளை ஒரு நிமிடம் யோசிக்கும். அந்த யோசனையிலேயே பாதி நடிப்பு வந்துவிடும்.

ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் (1863–1938) இதே கதவைத்தான் வேறு பக்கத்திலிருந்து தட்டினார். நீ அரசன் என்று நம்பு என்று அவர் சொல்லவில்லை. நீ இந்த நிலையில் இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். அந்த "இருந்தால்" என்ற ஒட்டுதான் எங்கள் வகுப்பின் முதலீடு.

இங்கே நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிட வேண்டும். தொடக்க காலத்தில் ஒரு மாணவியிடம், உன் வாழ்க்கையில் மிகவும் வருந்திய நாளை நினைத்துக்கொண்டு இந்த வசனத்தைச் சொல் என்றேன். அவள் நிஜமாகவே அழுதாள். வகுப்பே கைதட்டியது, நானும் பூரித்துப்போனேன். அடுத்த மூன்று வாரம் அவள் வகுப்பு வாசலை மிதிக்கவில்லை. ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே பிற்காலத்தில் நடிகரின் சொந்த நினைவைத் தோண்டுவதைக் குறைத்துக்கொண்டு, பாத்திரம் என்ன செய்கிறது என்ற உடற்செயலின் பக்கம் போனார் என்பதை அப்போது நான் படித்திருக்கவில்லை. பிள்ளைகளின் சொந்தக் காயம் பாடப்பொருள் இல்லை. காட்சி முடிந்ததும் பாத்திரத்தைக் கழற்றி வைக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாங்கள் கையை உதறி, அவரவர் சொந்தப் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வெளியே போவோம்.

இங்கிலாந்தில் டோரதி ஹீத்கோட் என்று ஓர் ஆசிரியை இருந்தார். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு ஆலை வேலைக்குப் போனவர், பிற்பாடு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கே சொல்லிக்கொடுத்தார். ஆசிரியரும் பாத்திரமாக மாறி வகுப்புக்குள் நுழைய வேண்டும் என்பது அவர் வழி. ஒரு நாள் நான் அரசாங்க அதிகாரியாக உள்ளே போனேன். பிள்ளைகள்தான் கிராமம். அணை வரப்போகிறது, முப்பது நாளில் காலி செய்யுங்கள் என்று உத்தரவைப் படித்தேன். வழக்கமாக நிறையப் பேசுகிறவர்கள் கத்தினார்கள், கோஷம் போட்டார்கள். வருடம் முழுக்க வாய் திறக்காத ஒரு பையன் எழுந்து, "சார், எங்கள் கிணற்றை எப்படி எடுத்துப் போவது?" என்றான். அறையே அமைதியாகிவிட்டது. கையில் இருந்த உத்தரவில் அதற்குப் பதில் இல்லை. அதிகாரியாக நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது நடிப்பா என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

நடிக்கவே மாட்டேன் என்கிற பிள்ளைக்கும் இங்கே இடம் உண்டு. இங்கிலாந்தில் பதினாறு வயதுவாக்கில் எழுதுகிற ஜிசிஎஸ்இ பள்ளித் தேர்வின் நாடகப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 40 விழுக்காடு மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, மீதி 60 செய்முறைக்கு. அந்தச் செய்முறையை ஒளியமைப்பாளராகவோ உடை வடிவமைப்பாளராகவோ செய்தும் மதிப்பெண் வாங்கலாம். பார்த்த ஒரு மேடை நாடகத்தைப் பற்றித் தேர்வில் எழுதவும் வேண்டும். இலங்கைப் பள்ளிகளில் பாடத்தின் பெயரே "நாடகமும் அரங்கியலும்". நடிப்பு அதில் ஒரு பகுதிதான் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

என்னிடம் ஒரு மாணவன் இருந்தான். மூன்று வருடமும் மேடை ஏறவில்லை, விளக்குப் பலகைதான் அவன் இடம். ஒரு நிகழ்ச்சியில் நடித்த பெண் நான்கு வரியை விழுங்கிவிட்டு அடுத்த காட்சிக்குத் தாவிவிட்டாள். அவளோடு நடித்தவர்களே கவனிக்கவில்லை. அவன் மட்டும் கவனித்து, அடுத்த விளக்கை முன்னதாகவே கொண்டுவந்தான். பார்வையாளர் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நான் சொன்ன அந்தக் காது அன்று அந்த அரங்கத்தில் இருந்த எல்லோரையும்விட அவனிடம்தான் இருந்தது.

வேலை கிடைக்குமா என்றால், நடிப்பில் நிலையான வருமானம் கொஞ்சம் பேருக்குத்தான். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் புவியியல் படிக்கிற பிள்ளையிடம் நீ மாலுமி ஆவாயா என்று யாரும் கேட்பதில்லையே.

ஆண்டு விழா நாடகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பே பதிவுசெய்த குரல் ஓடும், பிள்ளைகள் வாயசைப்பார்கள். உயரமான பையன் அரசன், ஒவ்வொரு வருடமும் அவனே அரசன். மற்றவர்கள் மரம். படம் எடுத்துக்கொள்ள நன்றாக இருக்கும். ஆனால் பதிவான குரல் யாருக்காகவும் நிற்காது, எதிராளி தடுமாறினால் காத்திருக்காது. அங்கே யாரும் யாரையும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இதற்காக இரண்டு வாரம் வகுப்பை நிறுத்துவதைவிட அந்த நேரத்தில் கணக்குப் போடச் சொல்லலாம்.

அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நிகழ்ச்சி நாளுக்கு வர முடியாவிட்டால் பரவாயில்லை. நடுவில் ஏதாவது ஓர் ஒத்திகைக்கு வாருங்கள். அலங்காரம் இருக்காது, விளக்கு இருக்காது, ஒரே காட்சியை ஏழு தடவை செய்துகொண்டிருப்பார்கள். பின்வரிசையில் உட்காருங்கள். உங்கள் பிள்ளை பேசும்போது பார்க்காதீர்கள், அடுத்தவர் பேசும்போது பாருங்கள்.