கௌரவ வேடத்தில் ரங்கூன்

நேயர்களுக்கு வணக்கம். ஒரு படத்தில் கொஞ்ச நேரமே தலைகாட்டிவிட்டுப் போகிறவர்களைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். பர்மாவில், முன்பு ரங்கூன் என்று சொன்ன யாங்கோனில் வாழும் தமிழனான எனக்கு உடனே நினைவுக்கு வருவது 'பராசக்தி'. 1952 தீபாவளிக்கு வந்த படம். கலைஞர் வசனம், சிவாஜிக்கு முதல் படம் என்பதெல்லாம் நீங்கள் கேட்டுச் சலித்தவை.

அந்தப் படத்தில் நீதிபதியாகச் சிறு வேடத்தில் கண்ணதாசன் வருவார். அப்போது அவருக்கு வயது 25. 'கன்னியின் காதலி'க்குப் பாட்டெழுதி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பிற்பாடு 'அர்த்தமுள்ள இந்துமதம்' எழுதப் போகிறவர், கோயில் பூசாரியைக் கூண்டில் ஏற்றாத குறையாகக் கேள்வி கேட்ட படத்தில் நீதிபதி! இன்று பார்க்கிறவர்கள் இதில் பெரிய உட்பொருள் கண்டுபிடிக்கிறார்கள். எனக்கும் ரசிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது நாம் பின்னால் ஏற்றிய சுமை. அன்றைக்குக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவருக்கு அவர் ஒரு நீதிபதி, அவ்வளவுதான்.

சிறு வேடத்துக்குப் பொருள் சொல்லுமுன் நான் ஒன்று செய்து பார்ப்பேன். அந்த வேடத்தை உருவிவிட்டால் கதையில் எது சரிகிறது? கண்ணதாசன் இடத்தில் வேறொருவரை உட்கார வைத்தாலும் தீர்ப்பு மாறாது.

அதே படத்தில் இன்னொரு கௌரவ வேடம் இருக்கிறது. எங்கள் ரங்கூன். கதை தொடங்கும்போது கொஞ்சம் வரும், பிறகு ஊரே காணாமல் போய்விடும். அதை உருவிப் பாருங்கள், படமே நிற்காது. அண்ணன் தம்பி மூவர் ரங்கூனில், தங்கை மதுரையில். தங்கை கல்யாணத்துக்குப் போக யுத்த காலத்தில் கப்பலில் கிடைப்பது ஒரே டிக்கெட். குணசேகரன் மட்டும் ஏறுகிறான். அந்த ஒரு டிக்கெட்டில் இருந்துதான் அத்தனை பிரிவும் பிறக்கிறது. ஒருவன் குண்டுவீச்சில் காலை இழந்து பிச்சைக்காரனாகிறான், ஒருவர் திருச்சியில் நீதிபதியாகிறார் (இவர் வேறு, கண்ணதாசன் வேடம் வேறு).

எங்கள் வீட்டில் இந்தப் படம் ஓடும்போதெல்லாம் பெரியம்மா அந்த இடத்தில் சத்தம் போடுவார்: "ஏண்டா, டெக்குலயாவது ஏறி வந்திருக்கக் கூடாதா மூணு பேரும்?" கூலி வேலைக்கு வந்தவர்கள் மேல்தளத்தில் வெயிலும் மழையும் வாங்கிக்கொண்டு வந்த கப்பல்கள் அல்லவா அவை! பெரியம்மாவுக்கு ஒருவர் மட்டும் போனார் என்பது கதைக்காகச் செய்த ஜோடனை. ஆனால் 1941 டிசம்பர் 23ல் ரங்கூன்மேல் ஜப்பான் குண்டு விழுந்த பிறகு, கப்பலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. லட்சக்கணக்கானோர் பர்மாவின் மேற்குக் கரையான அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அந்த நடையைப் படம் விரித்துக் காட்டவில்லை. காட்ட வேண்டியதும் இல்லை என்பேன். 1952ல் பார்த்தவர்களில் பலர் வீட்டில் நடந்து வந்தவர் ஒருவர் இருந்திருப்பார். ரங்கூன் என்று ஒரு சொல் விழுந்தால் போதும், மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். சிறு வேடத்தின் பலமே அதுதான், பார்ப்பவரிடம் இருப்பதைக் கொண்டு வேலை வாங்கிக்கொள்ளும்.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. படத்தில் ரங்கூன் என்பது விட்டுவிட்டு வரவேண்டிய ஊர் மட்டுமே. போகாமல் இங்கேயே தங்கி, காளியம்மன் கோயிலில் கூழ் ஊற்றி, பர்மியப் பெயரும் ஒன்று வைத்துக்கொண்டு வாழ்ந்த எங்களுக்கு அதில் ஒரு காட்சிகூட இல்லை. 1960களில் கடைகள் அரசுடைமையானபோது இன்னொரு கூட்டம் கப்பலேறியது. அப்படிப் போனவர்கள் கடை போட்டதில்தான் சென்னைக்குப் பர்மா பஜார் வந்தது. அவர்களைப் பற்றியாவது யாராவது ஒரு முழுப்படம் எடுக்கட்டும், அதில் கண்ணதாசன் வேடத்துக்கு நான் தயார். நன்றி, வணக்கம்.