18 யூரோ பாட்டிலும் மூன்று ஸ்டிக்கர் பொட்டும்

வணக்கம் மக்களே. வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தால் கேமராவைத் திட்டாதீர்கள், பெல்ஜியத்தில் எங்கள் கென்ட் நகரில் நான்கு நாளாக வானமே அப்படித்தான் இருக்கிறது. வழக்கமான ஆரம்ப இசை, பெயர் அட்டை எதுவும் இன்றைக்குக் கிடையாது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

18 யூரோ. ஒரு பீர் பாட்டில், 33 சென்டிலிட்டர், 18 யூரோ! பிரஸ்ஸல்ஸில் கிராண்ட் பிளாஸ் சதுக்கத்துப் பக்கம், சாக்லேட் கடைக்கும் வாஃபிள் கடைக்கும் நடுவில் ஒரு கடை. பெயர் வேண்டாம். நகைக்கடையில் ஒட்டியாணம் வைக்கிற மாதிரி, கண்ணாடி அலமாரியில் அடியில் விளக்குப் போட்டு, மஞ்சள் மூடி போட்ட பாட்டிலை நிற்க வைத்திருந்தார்கள். வெஸ்ட்ஃப்ளெட்டரன் 12, பெல்ஜியத்தில் துறவிகள் தங்கள் மடத்திலேயே காய்ச்சும் பீர். சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், ஓர்வால் என்ற பெல்ஜிய பீரைப் பற்றி வீடியோ போட்ட நாளிலிருந்து பாதிப் பேர் ஒரே கேள்விதான் கேட்கிறீர்கள்: "அண்ணா, வெஸ்ட்ஃப்ளெட்டரன் குடிக்காமல் பெல்ஜியத்தில் என்ன செய்கிறீர்கள்?" சரி, உங்களுக்காக வாங்கினேன். வெளியே வந்த பிறகுதான் கணக்குப் போட்டேன். எங்கள் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் ஓர்வால் இரண்டு யூரோ சொச்சம். 18 யூரோவுக்கு ஏழெட்டு ஓர்வால் வரும். வீடு வரும் வரை ரயிலில் இதே கணக்குதான். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் வரும் சில்லறையைக் கூடக் கழித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆறவில்லை. மடத்து வாசலில் இதே பாட்டில் மூன்று யூரோவுக்குப் பக்கம்தான். வாங்கியதை லாபத்துக்கு விற்காதீர்கள் என்று அந்தத் துறவிகளே கேட்டுக்கொள்கிறார்கள்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தின் மேற்கு மூலையில், வெஸ்ட்ஃப்ளெட்டரன் என்ற சின்ன ஊரில், செயின்ட் சிக்ஸ்டஸ் மடம் இருக்கிறது. டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கப் பிரிவுத் துறவிகள். 1838-லிருந்து பீர் காய்ச்சுகிறார்கள். மொத்தம் மூன்றே பீர்: பச்சை மூடி ப்ளாண்ட், நீல மூடி 8, மஞ்சள் மூடி 12. அந்த 12-இல் ஆல்கஹால் 10.2 சதவீதம், சும்மா இல்லை. பல வருடங்களாகப் பாட்டிலில் லேபிளே இல்லாமல் இருந்தது, எல்லா விவரமும் மூடியில்தான் இருந்தது. வருடத்துக்கு ஏறத்தாழ 6,000 ஹெக்டோலிட்டர், அதாவது 6 லட்சம் லிட்டர். அதற்கு மேல் காய்ச்ச மாட்டார்கள். பிழைப்புக்குத் தேவையான அளவு பீர், மீதி நேரம் பிரார்த்தனை.

2005-இல் ஒரு பீர் மதிப்பீட்டு வலைத்தளத்தில் இதுதான் உலகத்திலேயே முதல் பீர் என்று வந்துவிட்டது. அவ்வளவுதான். மடத்து வாசலில் கார் வரிசை, கையிருப்பு காலி. அப்புறம் போனில் முன்பதிவு செய்தால்தான் பீர் என்றார்கள். ஒரு போன் நம்பருக்கு 60 நாளைக்கு ஒரு தடவை, வண்டி நம்பரையும் சொல்ல வேண்டும். 2019-இல் அது ஆன்லைனுக்கு மாறியது.

இதில் துறவிகளை நான் குறை சொல்லவே மாட்டேன். பற்றாக்குறையை வைத்து விளம்பரம் தேடும் ஆட்கள் இல்லை அவர்கள். மடத்துக் கட்டட வேலைக்குப் பணம் தேவைப்பட்டபோது 2011-இல் பெல்ஜியத்துக் கடைகளில் ஆறு பாட்டிலும் இரண்டு கோப்பையும் சேர்த்து 25 யூரோவுக்கு விற்றார்கள். மறு வருடம் அதே பெட்டி அமெரிக்காவில் 85 டாலர் அளவில் போனது. வேலைக்குப் பணம் சேர்ந்ததும் பழையபடி கதவைச் சாத்திக்கொண்டார்கள். நம்மில் யார் அப்படிச் செய்வோம்?

சரி, என் கதைக்கு வருகிறேன். அந்த 18 யூரோ பாட்டிலை அன்றைக்குத் திறக்கவில்லை. மூன்று யூரோ பீரை அந்த விலைக்கு வாங்கிக் குடித்தால் நாக்கில் கடைக்காரர் முகம்தான் தெரியும். மடத்துக்கே போய்க் குடித்துவிட்டு வந்து பேசலாம் என்று முடிவு செய்தேன்.

முதல் தடவை ரயிலில் போனேன். போப்பரிங்கேயோடு தண்டவாளம் முடிந்துவிடும். அங்கே ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்தேன். வழி நெடுக பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கொடித் தோட்டம். உயரமாகக் கம்பம் நட்டு, கம்பி கட்டி, அதில் கொடியை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். வெற்றிலைக் கொடிக்காலை இரண்டு ஆள் உயரம் தூக்கி நிறுத்தினால் எப்படியிருக்குமோ அப்படி. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காற்று! ஏழெட்டு கிலோமீட்டரும் எதிர்க்காற்று. நடுவில் ஒரு பாட்டியம்மா மின்சார சைக்கிளில் என்னைத் தாண்டிப் போனார், திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். மூச்சு வாங்க மடத்துக்கு எதிரே இருக்கும் இன் டே ஃப்ரேடே காபிக் கடையை (மடத்து பீரும் அங்கேதான் ஊற்றித் தருவார்கள்) அடைந்தால், கதவு பூட்டியிருக்கிறது. வார விடுமுறை. அவர்கள் தளத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள், தப்பு முழுக்க என்னுடையதுதான். பெஞ்சில் உட்கார்ந்து, உங்கள் அண்ணி கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். திரும்பும்போதும் எதிர்க்காற்று, அது எப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இரண்டாவது தடவை ஆன்லைன் வரிசை. ரொம்ப நாளாக வாங்காதவர்களுக்கு அதில் முன்னுரிமை உண்டு, எனக்கு அது முதல் தடவை. 24 பாட்டில், ஒரு மரப்பெட்டி, கிடைத்துவிட்டது! அன்றைக்கு நான் வீட்டுக்குள் போட்ட ஆட்டத்தை உங்கள் அண்ணி படம் பிடித்திருக்கிறாள், வெளியிட மாட்டேன். அலுவலக நண்பர் ஒருவர், ஃப்ளெமிஷ்காரர், அதாவது டச்சு பேசும் பெல்ஜியக்காரர், காரில் கூட்டிப்போனார். வழியில் அவரிடம் கேட்டேன், உண்மையிலேயே இதுதான் உலகத்தின் முதல் பீரா? அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "நல்ல பீர். ஆனால் எங்கள் வீட்டில் எப்போதும் வாட்டூதான்."

வாட்டூ. இதுதான் இன்றைய வீடியோவின் உயிர், கவனியுங்கள். வாட்டூ பக்கத்து ஊர். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் மடத்தில் வியாபாரத்தைச் சுருக்கிக்கொள்ள முடிவு செய்தார்கள். வெளியே விற்கும் பீரைக் காய்ச்சும் உரிமையை 1946-இல் வாட்டூவில் பாலாடைக்கட்டி செய்துகொண்டிருந்த ஒரு ஆலைக்குக் கொடுத்தார்கள். மடத்தில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்த போலந்துக்காரர் மாத்தியூ ஷஃப்ரான்ஸ்கி அங்கே சேர்ந்தார். செய்முறையும் போனது, பீரைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டும் போனது. 1992 வரை, 46 வருடம், செயின்ட் சிக்ஸ்டஸ் பெயரிலேயே அங்கே பீர் வந்தது. அப்புறம் டிராப்பிஸ்ட் பீர் என்றால் மடத்துச் சுவருக்குள்தான் காய்ச்ச வேண்டும் என்று வந்ததும் ஒப்பந்தம் முடிந்தது. ஆலை பெயரை மாற்றிக்கொண்டது. அதுதான் இன்றைக்கு நாம் பார்க்கும் செயின்ட் பெர்னார்டஸ். அவர்களுடைய ஆப்ட் 12, ஆல்கஹால் 10 சதவீதம், சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது, வரிசையில் நிற்க வேண்டாம்.

இன்னொன்று. வாட்டூக்காரர்கள் பழைய ஈஸ்ட்டையே வைத்துக்கொண்டார்கள். செயின்ட் சிக்ஸ்டஸில் இப்போது வெஸ்ட்மாலே என்ற இன்னொரு டிராப்பிஸ்ட் மடத்து ஈஸ்ட். ஆக, பழைய கைப்பக்குவத்துக்கு வாரிசு யார்? மாமியார் வீட்டிலா, தனிக்குடித்தனம் போன மகன் வீட்டிலா? குழம்பு எங்கே ருசி என்று சாப்பிட்டுப் பார்த்தால்தானே தெரியும்.

சாப்பிட்டுப் பார்த்தோம். இங்கே பீருக்கு ஒரு கோப்பை, அதை மாற்றினால் குற்றம் என்பார்கள். நான் எவர்சில்வர் டம்ளரில் குடிப்பதைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் சாபம் விட்டிருக்கிறீர்கள்! இன்றைக்கு அந்த டம்ளர்தான் கை கொடுத்தது. நிறம் தெரியாது, எல்லாம் ஒரே மாதிரி. குடிக்காத உங்கள் அண்ணிதான் நடுவர். சமையலறையில் ஊற்றி, டம்ளருக்கு அடியில் அவளுடைய ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக் கொண்டுவந்தாள். சிவப்பு, மெரூன், கறுப்பு. எதில் எது என்று எனக்குத் தெரியாது: வெஸ்ட்ஃப்ளெட்டரன் 12, ஆப்ட் 12, இன்னொரு டிராப்பிஸ்ட் பீரான ரோஷ்ஃபோர் 10. எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்திருந்தோம். ஜில்லென்று இருந்தால் மூன்றும் இனிப்புத் தண்ணீர்தான். ஊற்றும்போது மூன்றையும் முகர்ந்துவிட்டு அவள் சொன்ன தீர்ப்பு: "கருப்பட்டிக் காபியை ராத்திரி மூட மறந்த வாசம்." பாதி சரி. இந்த வகையில் அடர்ந்த சர்க்கரைப் பாகு சேர்ப்பார்கள்.

சிவப்பு பொட்டு: சாக்லேட், கொஞ்சம் மிளகுக் காரம், தொண்டையில் சூடு. ரோஷ்ஃபோர் என்றேன். சரி. அது 11.3 சதவீதம், மறைக்க முடியாது. கறுப்பு: பேரீச்சை, உலர்ந்த அத்தி, விழுங்கிய பிறகும் நாக்கில் நின்றது. "இதுதான் மக்களே, இதுதான் வெஸ்ட்ஃப்ளெட்டரன், சும்மாவா கொண்டாடுகிறார்கள்" என்று கேமராவைப் பார்த்து ஒரு சொற்பொழிவு. மெரூன்: நன்றாகத்தான் இருந்தது, முடிவு கொஞ்சம் சட்டென்று வந்தது. ஆப்ட் என்றேன், "முயற்சி பண்ணியிருக்கிறார்கள்" என்று பெரிய மனது வேறு.

டம்ளரைத் திருப்பினாள். கறுப்பு ஆப்ட். மெரூன் வெஸ்ட்ஃப்ளெட்டரன்.

இன்னொரு சுற்று கேட்டேன். இந்தத் தடவை இரண்டு நிமிடம் மூன்றுக்கும் வித்தியாசம் விளக்கினேன், வீடியோவில் வெட்டாமல் வைத்திருக்கிறேன், பாருங்கள். மூன்றிலும் அவள் ஊற்றியிருந்தது ஆப்ட். ஒரே பாட்டில்! "நீங்கள் ஆர்வமாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள், கலைக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன்" என்கிறாள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது, வெஸ்ட்ஃப்ளெட்டரன், ஆப்ட் இரண்டு பாட்டிலும் ஒரே வயது இல்லை. மடத்துப் பெட்டி புதுசு. இந்தப் பீரைச் சில வருடம் இருட்டில் வைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள், வைத்தால் மாறும். அடுத்த வருடம் இதே சோதனையை மறுபடி செய்கிறேன். அதனால் மோசமான பீர் என்று நான் சொன்னதாகத் தலைப்பு வைத்துப் பரப்பாதீர்கள். மூன்று யூரோவுக்கு அருமையான பீர். 18 யூரோவுக்கு அது ஒரு பூட்டிய கதவின் விலை.

துறவி கை பட்டாலே விற்றுவிடும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் ஸ்பென்சர் மடத்திலும் டிராப்பிஸ்ட் பீர் காய்ச்சினார்கள். கட்டுப்படியாகவில்லை, 2022-இல் மூடிவிட்டார்கள். மாசசூசெட்ஸ் என்றதும் நினைவு வருகிறது, அங்கே பாஸ்டனுக்கு வேலையாகப் போனபோது பக்கத்து மாநிலமான வெர்மான்ட்டின் ஹெடி டாப்பர் பீர் குடித்தேன். தி ஆல்கெமிஸ்ட் என்ற ஆலை காய்ச்சுவது. 2011-இல் ஐரீன் புயல் வெள்ளத்தில் அவர்களுடைய பப் போய்விட்டது, அடுத்த சில நாளில் டின்னில் அடைக்க ஆரம்பித்தார்கள், ஊர் ஊராகக் காரில் வந்து வாங்கினார்கள். டின்னிலிருந்தே குடி என்று டின்னிலேயே எழுதியிருக்கும், எனக்கு அது ரொம்பப் பிடித்தது. பீரும் நன்றாக இருந்தது. ஆனால் அதற்குள் எல்லா ஊரிலும் அந்த மாதிரி கலங்கலான ஐபிஏ, அதாவது ஹாப்ஸ் தூக்கலான பீர், வந்துவிட்டதே. அதே சாம்பாரை எல்லோரும் வைக்கக் கற்றுக்கொண்டால் முதலில் வைத்தவர் பாடு கஷ்டம்தான்.

பெயருக்கு ஏற்ற சரக்கு எது என்று கேட்பீர்கள். கான்டியோன் என்ற ஆலையின் பீர். பிரஸ்ஸல்ஸில், ஆண்டர்லெக்ட்டில், 1900-லிருந்து இருக்கிறது. குளிர் மாதங்களில் மட்டும் காய்ச்சுகிறார்கள். மேல்மாடியில் அகலமான செம்புத் தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்து வைக்கிறார்கள், காற்றில் வரும் ஈஸ்ட்தான் புளிக்க வைக்கிறது. சிலந்தி வலையைக் கூடக் கலைக்க மாட்டார்கள், பூச்சியைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும். புளிப்பு பிடிக்காதவர்கள் கிட்டேயே போகாதீர்கள். எனக்கு உயிர். அப்புறம் ஓர்வால். வெளியே விற்க ஒரே பீர், ஒரே பாட்டில், 6.2 சதவீதம், எங்கள் தெருமுனையில் இரண்டு யூரோ சொச்சம். போதும், ஓர்வாலைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று உங்களுக்கே தெரியும்.

பெட்டியில் இன்னும் 19 இருக்கின்றன. அதில் நண்பருக்கு ஆறு, பெட்ரோல் கணக்கில். மரப்பெட்டியை உங்கள் அண்ணி வெங்காயத்துக்குக் கேட்கிறாள். அதற்கு வைப்புத்தொகை கட்டியிருக்கிறேன், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன், நேற்றே வெங்காயம் ஏறிவிட்டது.

அந்த 18 யூரோ பாட்டிலா? இதோ, எனக்குப் பின்னால், புத்தக அலமாரியில். தெரிகிறதா? கொஞ்சம் இடதுபக்கம். ஆமாம், இன்னும் திறக்கவில்லை. உள்ளே இருப்பது அதே பீர்தான், தெரியும். ஆனால் 18 யூரோ கொடுத்திருக்கிறேனே, சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எப்படித் திறப்பது?