ஒரு அணை, இரண்டு வாய்

நேயர்களுக்கு வணக்கம். நம் நம்பிக்கைகளை நாமே கேள்வி கேட்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தவர் நம்பிக்கையைக் கேள்வி கேட்க ரேடியோ வேண்டாம், டீக்கடை பெஞ்சு போதும். அதனால் என் கதையையே சொல்லிவிடுகிறேன்.

நான் கேரளத்து வண்டிப்பெரியாற்றுக்காரன். தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். முல்லைப் பெரியாறு அணை எங்கள் தலைக்கு மேலே இருக்கிறது. அக்காவைக் கட்டிக்கொடுத்தது தமிழ்நாட்டுப் பக்கம், கம்பத்தில். மச்சானுக்கு அங்கே இரண்டு ஏக்கர் நெல். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அந்த வயலுக்குப் போவதும் இதே அணையின் தண்ணீர்தான்.

2011 கடைசி உங்களுக்கு நினைவிருக்கும். டிசம்பரில் இந்த அணைத் தகராறில் எல்லையில், குமுளியில் வண்டிகள் நின்றுபோனதே, அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் அக்கா வீட்டில் ஒரு காதுகுத்து. பந்தியில் அணைப் பேச்சு வந்தது. "சுண்ணாம்பும் சுர்க்கியும் வச்சுக் கட்டினது மாப்ள, நாள் ஆக ஆக இறுகும்" என்றார் மச்சான். சுர்க்கி என்றால் செங்கல் தூள். நான் தலையாட்டியதோடு நிற்கவில்லை. "கல்லணை நிக்கலையா மச்சான்?" என்று எடுத்தும் கொடுத்தேன்.

அடுத்த வாரம் லயத்து முற்றத்தில் அதே பேச்சு. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ராத்திரித் தூக்கமே இல்லையாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "1895-ல முடிச்ச அணை. வெறும் சுண்ணாம்பும் சுர்க்கியும். எத்தனை நாள் தாங்கும்?"

அதே சுண்ணாம்பு, அதே சுர்க்கி. குமுளி இறக்கத்தில் பஸ்ஸோடு சேர்ந்து என் கருத்தும் இறங்கியிருக்கிறது, திரும்பும்போது கூடவே ஏறியிருக்கிறது. நான் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. இரண்டு இடத்திலும் மனதாரத்தான் சொன்னேன்.

லயத்துக் கட்சி எனக்குக் கொஞ்சம் பலமாக ஒட்டியிருந்தது, வீடு அங்கே அல்லவா. அந்த வருஷம் இடுக்கியில் சின்னச் சின்ன நில அதிர்வுகள் வந்தன. நீர்மட்டம் ஏறினால் நிலம் ஆடுகிறது என்று எனக்குள் ஒரு கணக்கு. நிரூபிக்க வேண்டுமே? ஒரு நோட்டுப் போட்டேன். பாத்திரம் கிடுகிடுத்த நாளெல்லாம் தேதி எழுதி, எதிரே அன்றைய நீர்மட்டம். பக்கம் நிரம்ப நிரம்ப எனக்குப் பெருமை தாங்கவில்லை. மகள் ஒருநாள் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "தண்ணி ஏறியும் ஆடாத நாளை எங்கேப்பா எழுதியிருக்கீங்க?"

எங்கேயும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகள் நோட்டைத் திருத்திய ஆள் நான்!

இது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. 1960-ல் பீட்டர் வாசன் என்ற உளவியலாளர் லண்டனில் ஒரு சோதனை நடத்தினார். 2, 4, 6 இந்த மூன்று எண்களும் ஒரு விதிக்கு உட்பட்டவை, நீங்களும் எண்கள் சொல்லிப் பார்த்து அந்த விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். நீங்களும் மனதுக்குள் ஒன்று நினைத்திருப்பீர்கள். இரண்டிரண்டாகக் கூடுகிறது, அதுதானே? சோதனைக்கு வந்தவர்களும் 8, 10, 12 என்றார்கள். சரி என்றார். 20, 22, 24. அதுவும் சரி. ஆனால் விதி அது இல்லை. எண்கள் ஏறுவரிசையில் இருந்தால் போதும், அவ்வளவுதான். 1, 7, 90 என்று ஒரு தடவை கேட்டிருந்தால் தங்கள் ஊகம் தப்பு என்று தெரிந்திருக்கும். 29 பேரில் 6 பேர்தான் முதல் பதிலிலேயே சரியாகச் சொன்னார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் முதலில் தப்பான விதியைத்தான் நம்பிக்கையோடு சொன்னார்கள். "ஆமாம்" வரும் கேள்வியாகப் பார்த்துக் கேட்டால் அப்படித்தான் ஆகும். என் நோட்டும் அந்த ஜாதிதான்.

அப்புறம் நோட்டை மூடி வைத்துவிட்டு, என் கட்சிக்குப் பிடிக்காததைத் தேடிப் படித்தேன். 1979-ல் நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கிவிட்டு, அணையின் தலையில் கான்கிரீட் போட்டு, உடம்புக்குள் இரும்பு வடம் இறக்கி, பின்பக்கம் கான்கிரீட் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றதற்கு இந்த வேலைகளும் ஒரு காரணம். மச்சான் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறார். "வெறும் சுண்ணாம்பு" என்று பேசிக்கொண்டிருந்த என் காதில் அது ஏறவில்லை.

சரி, பயம் போய்விட்டதா? பாதி போனது. ஆடி மழை தகரத்தில் அடிக்கிற ராத்திரியில் அந்தப் பாதியும் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறது. அதையும் ஒளிக்காமல் மச்சானிடம் சொன்னேன். போன முறை அவர் வந்தபோது, மழைக்குள் எங்கள் ஊர்ப் பாலத்தில் போய் நின்று ஆற்றை வெகுநேரம் பார்த்தார். கல்லணையை இழுக்கவில்லை. "ராத்திரி நல்லா சத்தம் கேக்குமோ மாப்ள?" என்றார்.